ஹார்டு டிஸ்க் மஞ்சள் காட்டினால்... முதலில் நகல், அப்புறம்தான் சோதனை!

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் ஒருவர் லீவுக்கு சேத்தியாத்தோப்பு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பீரோவில் பத்திரமாக இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் செருகுகிறார். அக்கா கல்யாண வீடியோ, அப்பாவின் நிலப் பத்திரங்களின் ஸ்கேன், தாத்தா இருந்தபோது எடுத்த கடைசிப் பொங்கல் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இந்த முறை டிஸ்க்கைப் பரிசோதிக்கும் மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று ஒரு வார்த்தை வருகிறது.

பக்கத்தில் நின்று பார்க்கும் அப்பா கேட்கிறார்: “ஃபைல் எல்லாம் ஓப்பன் ஆகுதுல்ல? அப்புறம் என்ன தம்பி?”

நியாயமான கேள்விதான். ஆனால் பல குடும்பங்களின் படங்கள் தொலைந்துபோவது இந்தக் கேள்விக்கும் அடுத்த லீவுக்கும் நடுவில்தான். மஞ்சளைப் பார்த்து சிலர் பயந்துபோய் டிஸ்க்கையே தூக்கிப் போடுகிறார்கள். சிலர் கண்டுகொள்வதே இல்லை. இன்னும் சிலர் அதைச் ‘சரி’ செய்ய இறங்கி, இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்றுமே தவறு. அந்த எச்சரிக்கை டிஸ்க்குக்கு எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு அல்ல. டிஸ்க்கின் சொந்தக்காரருக்கு வந்த நோட்டீஸ்.

இழப்பு எதில் இருக்கிறது?

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் என்எல்சி சுரங்கங்கள். நிலம் எடுப்பு பல ஊர்களில் பல வருடப் பேச்சு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியபோது, அந்தப் படங்களும் வீடியோக்களும் தமிழ்நாடு முழுக்கப் பரவின. பட்டாவை ஆன்லைனில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் வயல் எப்படி இருந்தது, வீடு எப்படி இருந்தது என்ற படத்தை எந்த அலுவலகமும் திருப்பித் தராது.

கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் இதே கதைதான். முகூர்த்த சீசனில் கேமரா கார்டைக் காலி செய்தால்தான் அடுத்த கல்யாணத்துக்கு ஓட முடியும். கார்டை அழித்த நிமிடத்திலிருந்து, அந்த ஹார்டு டிஸ்க்கில் இருப்பதுதான் ஒரே பிரதி. ஒரே பிரதியாக இருப்பதை ‘பேக்கப்’ என்று சொல்வதே தப்பு.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது?

ஹார்டு டிஸ்க்குக்குள் வேகமாகச் சுழலும் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல், தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி ஒரு ‘ஹெட்’ தகவலைப் படிக்கிறது, எழுதுகிறது. தட்டின் பரப்பு ‘செக்டர்’ என்ற சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவ்வப்போது ஒரு கட்டம் கெடுவது எதிர்பார்த்ததுதான். அதற்காகவே தயாரிப்பாளர்கள் கொஞ்சம் உபரிக் கட்டங்களை ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

எத்தனை கட்டம் கெட்டது, எத்தனை முறை படிக்க முடியாமல் தடுமாறியது, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு சூடானது என்று டிஸ்க் தானே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டின் பெயர் ‘ஸ்மார்ட்’. 1990களின் நடுவில் காம்பேக் நிறுவனமும் சீகேட், குவாண்டம், கானர் போன்ற டிஸ்க் தயாரிப்பாளர்களும் சேர்ந்து இதற்கு வடிவம் கொடுத்தார்கள். இன்றைக்கு ஏறக்குறைய எல்லா ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. டிஸ்க் எழுதி வைத்த கணக்கை எடுத்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசிக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது மூன்று எண்கள்

பட்டியலைத் திறந்தால் இருபது வரிக்கு மேல் ஓடும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். முதலில் இந்த மூன்று போதும்.

05 என்ற வரி, கெட்டுப்போய் உபரிக் கட்டத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. பழைய காயத்தின் தழும்பு மாதிரி.

சி5 என்ற வரி, படிக்க முடியாமல் ‘அப்புறம் பார்ப்போம்’ என்று நிறுத்தி வைக்கப்பட்ட செக்டர்கள். இது ஆறாத காயம். உங்கள் ஃபைல் ஏதாவது அந்த இடத்தில் இருந்தால், அது இப்போதே ஆபத்தில் இருக்கிறது.

சி6 என்ற வரி, சோதித்துப் பார்த்தும் திருத்த முடியாத செக்டர்கள்.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பூஜ்ஜியத்தைத் தாண்டினாலே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ வழக்கமாக மஞ்சளுக்குப் போய்விடும். ஒன்றா, ஆயிரமா என்று நிறம் சொல்லாது. எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணும் வழக்கமாகப் பதினாறடிமான முறையில் தெரியும். அதாவது 10 என்று இருந்தால் அது பதினாறு. செட்டிங்கில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இருக்காது.

பயமுறுத்தும், ஆனால் பயப்பட வேண்டாத எண்கள்

சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 என்ற வரிகளில் கோடிக்கணக்கில் எண் நிற்பதைப் பார்த்து பலர் பதறுகிறார்கள். அந்த எண்ணுக்குள் பிழைகளின் எண்ணிக்கையும் மொத்தச் செயல்பாடுகளின் எண்ணிக்கையும் ஒன்றாகத் திணித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

சி7 என்ற வரி டிஸ்க்குக்கும் அதை இணைக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே தகவல் போகும்போது வந்த பிழைகளைச் சொல்கிறது. தட்டு கெட்டதாக அர்த்தம் இல்லை. கோளாறைச் சரிசெய்த பிறகும் பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும். இனிமேல் கூடாமல் இருந்தால் போதும். வெளியே இருக்கும் யுஎஸ்பி கேபிளின் கோளாறு இந்த வரியில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். டிஸ்க் திடீர் திடீரென்று மறைந்து மறைந்து வந்தால், எண்களை ஆராய்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

‘ஹெல்த் 87 சதவீதம்’ என்று காட்டும் மென்பொருள்களும் உண்டு. ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை அந்தச் சதவீதம் அந்த மென்பொருளின் சொந்தக் கணக்கு. இன்னொரு மென்பொருள் வேறு எண் சொல்லலாம். எஸ்எஸ்டியில் இதே சதவீதம் பெரும்பாலும் எழுதும் திறன் எவ்வளவு மிச்சம் என்பதைக் குறிக்கும். இரண்டும் வேறு வேறு. 99 சதவீதம் காட்டும் எஸ்எஸ்டி, உள்ளே கன்ட்ரோலர் சிப் செத்தால் ஒரே நொடியில் மறைந்துவிடும்.

‘குட்’ என்றால் நிம்மதியா?

இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாத பாதி.

கூகுள் பொறியாளர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அப்படிப் பிழை வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். முதல் செக்டர் மாற்றம் நடந்த டிஸ்க்குக்கு இது 14 மடங்கு. அப்படியென்றால் எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது.

அதே ஆய்வின் மறுபக்கமும் முக்கியம். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், துல்லியமாகச் சொன்னால் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. சத்தமில்லாமல் போய்விட்டன.

ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை வைத்து ஆன்லைன் பேக்கப் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கணக்கும் இதே திசையில் போகிறது. பழுதான டிஸ்க்குகளில் 76.7 சதவீதம், அந்த நிறுவனம் கவனிக்கும் ஐந்து எண்களில் ஒன்றிலாவது முன்கூட்டியே அறிகுறி காட்டின. மீதி 23.3 சதவீதம் காட்டவே இல்லை. இன்னொரு பக்கம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளிலும் 4.2 சதவீதம் அந்த அறிகுறியைக் காட்டின.

சுருக்கமாகச் சொன்னால், மஞ்சள் வந்தால் நாளைக்கே சாகும் என்று அர்த்தமில்லை. நீலம் நின்றால் பத்து வருடம் ஓடும் என்றும் அர்த்தமில்லை. எச்சரிக்கையைக் கேட்க வேண்டும். எச்சரிக்கை வரவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது.

பழைய டிஸ்க் வாங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்தக் கணக்கையே அழித்து எழுத முடியும். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள், ஸ்மார்ட் கணக்கு பூஜ்ஜியமாக்கப்பட்டு, புதியவை என்று விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்தது. டிஸ்க்குக்குள் இருந்த இன்னொரு பதிவேடுதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

விண்டோஸ் சொல்வது வேறு, டிஸ்க் சொல்வது வேறு

‘இந்த டிரைவில் பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யுங்கள்’ என்று விண்டோஸ் ஒரு செய்தி காட்டும். இது பெரும்பாலும் டிஸ்க்கின் உடல்நிலை பற்றியது அல்ல. ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கியதாலோ, கரன்ட் போனதாலோ, ஃபைல்களின் அட்டவணை பாதியில் நின்றிருக்கலாம் என்பதற்கான குறிப்பு அது. புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது, பொருளடக்கம் மட்டும் கலைந்திருக்கிறது என்கிற மாதிரி.

அதற்காக உடனே ‘ஸ்கேன்’ அழுத்தலாமா? டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சி5 ஏறியிருக்கும் டிஸ்க்கில் செய்தால் ஆபத்து. தடுமாறும் ஹெட்டைத் தட்டு முழுக்க ஓடவிட்டு, அட்டவணையைத் திருத்தி எழுதும் வேலை அது. மிச்சமிருக்கும் ஆயுளை நகல் எடுக்கச் செலவழிக்க வேண்டும், சோதனைக்கு அல்ல.

‘பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்ற செய்தி வந்தால், எந்தக் காரணம் கொண்டும் ‘ஓகே’ தட்டாதீர்கள். ஃபைல் இல்லை என்று விண்டோஸ் சொல்லவில்லை. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது.

இதன் எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. விண்டோஸ் ‘ஓகே’ என்கிறது, மென்பொருள் ‘காஷன்’ என்கிறது. எதை நம்புவது? விண்டோஸின் ‘ஓகே’, தயாரிப்பாளர் வைத்த எல்லையை டிஸ்க் இன்னும் தாண்டவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அந்த எல்லை தாராளமாக வைக்கப்பட்டிருக்கும். மஞ்சள் அதற்கு முன்பே வருகிறது. முன்னால் வருவதைத்தான் நம்ப வேண்டும்.

வீராணம் மட்டம் பார்ப்பது போல...

சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கு ஓர் எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.5 அடி. மழைக்காலத்தில் ‘இன்றைக்கு 46 அடி’ என்று கேட்டால், அதோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. நேற்று எவ்வளவு, வரத்து கூடுதா, குறையுதா, வெள்ளாற்றில் திறந்துவிட்டார்களா என்றுதான் கேட்பார்கள். ஒரே 46 அடி, வரத்து நின்ற நாளில் நிம்மதி. வரத்து கூடும் நாளில் கவலை.

ஹார்டு டிஸ்க்கும் இதே மாதிரிதான். 05 வரியில் 8 என்று வந்து, வருடக்கணக்கில் 8 என்றே நின்றால் அந்த டிஸ்க் அப்படியே ஓடலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டால்கூட சி5 வரியில் ஒன்றிரண்டு ஏறலாம். அந்த இடத்தில் மறுபடி எழுதும்போது அது தானாக மறைந்துவிடுவதும் உண்டு. ஆனால் போன வாரம் 8, இந்த வாரம் 24, அடுத்த வாரம் 112 என்று போனால் அது கரை உடையும் வேகம்.

எனவே மஞ்சள் வந்த அன்றே அந்தத் திரையை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து ஒப்பிடுங்கள். ஆனால் அந்த ஒரு வாரம் காத்திருப்பது, நகல் எடுத்து முடித்த பிறகு.

முதல் வேலை நகல்

மஞ்சள் வந்தால் செய்ய வேண்டிய வரிசை இதுதான்.

முதலில், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இழுக்காமல், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். குடும்பப் படங்கள், ஆவணங்கள், வேலை சம்பந்தப்பட்டவை. டவுன்லோடு செய்த சினிமாக்கள் கடைசியில். நல்ல டிஸ்க்காக இருந்தால் 1 டெராபைட் நகலாக ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் நாள் கணக்கிலும் இழுக்கலாம். ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் ‘டிடிரெஸ்க்யூ’ பயன்படுத்தலாம். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில் திரும்பும் மென்பொருள் அது.

நகல் எடுக்கும்போது டிஸ்க் சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில போர்ட்டபிள் டிரைவ்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அறை வெப்பநிலை உச்சவரம்பே 35 டிகிரிதான். கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அதைத் தாண்டுவது சாதாரணம். மெத்தைமேல் வைக்காமல், மேசையில், ஃபேனுக்குக் கீழே வையுங்கள். தனி அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க் என்றால் யுபிஎஸ்ஸில் இணையுங்கள்.

‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். வீட்டில் திறக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஒரு தூசியும் ஒரு துளி ஈரமும் தட்டைக் கீறப் போதும். டேட்டா முக்கியம் என்றால், தூசியில்லாத அறை வசதி உள்ள மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். செலவு, புது டிஸ்க் விலையைவிடப் பல மடங்கு ஆகலாம். வாரன்டி வழக்கமாக டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் படத்துக்கு இல்லை.

ஒரே பீரோவில் இரண்டு டிஸ்க்

நகல் எடுத்தாகிவிட்டது. இரண்டையும் அதே பீரோவில் வைத்தால்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தில்தான் கரையேறியது. 2015 வெள்ளமும் இங்கேதான் கடுமையாக அடித்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும்.

‘3-2-1’ என்று ஒரு விதி இருக்கிறது. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது சுலபம். ஒரு டிஸ்க் ஊரில், ஒன்று பிள்ளையின் ரூமில், முக்கியமானவை மட்டும் கிளவுடில். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றுவது நடைமுறையில் கடினம். நொடிக்கு 40 மெகாபிட் அப்லோடு வேகத்தில் 1 டெராபைட் ஏற்ற சுமார் 55 மணி நேரம் வேண்டும். ஆவணங்களும் தேர்ந்தெடுத்த படங்களும் மட்டும் என்றால் ஓர் இரவு போதும்.

பழி யார் மேல்?

டேட்டா போனதும் “பேக்கப் எடுக்கலையா?” என்று பயனரைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். பாதிப் பழி தயாரிப்பாளர்களுக்கும் உண்டு. போன் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று இன்று பல போன்களே சொல்கின்றன. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலோ ஒரே ஒரு விளக்கு கண் சிமிட்டுகிறது. உள்ளே டிஸ்க் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. அதைச் சொந்தக்காரர் தானாகத் தேடிப் போனால்தான் பார்க்க முடியும். சில யுஎஸ்பி பெட்டிகள் அந்தக் கணக்கை வெளியே விடுவதே இல்லை. மேக்கில் பார்த்தால் பல எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளுக்கு ‘ஸ்மார்ட் ஆதரவு இல்லை’ என்றுதான் வருகிறது. போனில் ஓடிஜி வழியாக இணைப்பவருக்கு பொதுவாக எதுவும் தெரியாது.

எச்சரிக்கையை வெளிப்படையாகக் காட்டினால் மக்கள் தேவையில்லாமல் பயப்படுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அந்த 4.2 சதவீதம் அதற்குச் சான்றாகவும் தெரியலாம். ஆனால் தவறான எச்சரிக்கையின் விலை, கூடுதலாக ஒரு நகல் எடுக்கும் ஒரு மாலை நேரம். வராத எச்சரிக்கையின் விலை, தாத்தாவின் கடைசிப் பொங்கல். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பெட்டியிலேயே ஒரு மஞ்சள் விளக்கும், ‘நகல் எடுங்கள்’ என்று தமிழில் ஒரு வரியும் வைப்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. கேட்க வேண்டியது வாங்குபவர்கள்தான்.

அது வரும்வரை, அந்த அப்பாவின் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். “இன்னைக்கு ஓப்பன் ஆகுதுப்பா. அதனாலதான் இன்னைக்கே காப்பி எடுக்கிறேன்.”